பின்னலும் முடிச்சும் - கணித மேதை வாஹன் ஜோன்ஸ்

கணிதம் முடிந்துபோன பாடமா?

எங்கள் கணித மன்ற அறையின் சுவரில் மாட்டுவதற்காகக் கணித மேதைகளின் படங்களைத் திரட்டினோம். பிதாகரஸ், யூக்ளிட், ஆர்க்கிமிடிஸ், நியூட்டன், ஆய்லர், காஸ் என்று வரிசை நீண்டது. நம் இராமானுஜனுக்கும் நடுவில் ஓர் இடம் தந்தோம். வேலை முடிந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "ஏன் அக்கா, இவங்க எல்லாருமே செத்துப்போயிட்டாங்களே, அப்படின்னா கணக்கை எல்லாம் கண்டுபிடிச்சு முடிச்சாச்சா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதிலே பொம்பளைங்க யாருமே இல்லையே?" என்றும் கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

எங்களுக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், எங்களுள் பலருக்கும் அதே எண்ணம் உள்ளூர இருந்தது. கணிதம் என்பது என்றோ எழுதி முடிக்கப்பட்ட புத்தகம். நமக்குரிய வேலை அதை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பது மட்டுமே. பத்தாம் வகுப்போடு அதை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தவர்களும் எங்களுள் உண்டு. சிறுமியின் இரண்டு கேள்விகளையும் எங்கள் கணித ஆசிரியையிடம் கொண்டு சென்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "வாஹன் ஜோன்ஸ் என்பவரைப் பற்றித் தேடிப் படியுங்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே கதையில் விடை இருக்கிறது" என்றார். அவ்வாறு தேடிப் படித்து, விளங்காதவற்றை அவரிடம் கேட்டுத் தெளிந்து, எங்களுக்குப் புரிந்த அளவில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

உலகப் படத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள தீவு நாடு நியூசிலாந்து. அதன் கீழைக் கடற்கரையில் அமைந்த கிஸ்பர்ன் என்னும் ஊரில் 1952ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வாஹன் ஜோன்ஸ் பிறந்தார். ஆக்லாந்து நகரில் உயர்நிலைக் கல்வி பயின்ற அவர், ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1972இல் இளங்கலைப் பட்டமும் 1973இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

மேற்படிப்புக்கு உதவியாகச் சுவிட்சர்லாந்து அரசின் உதவித்தொகை கிடைத்தது. கடல் கடந்து ஜெனீவா நகருக்குச் சென்றார். அங்கு அவர் முதலில் சேர்ந்தது இயற்பியல் துறையில். பிறகுதான் தம் மனம் நாடுவது கணிதமே என்று உணர்ந்து துறை மாறினார். ஆந்திரே ஹேஃபிளிகர் என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1979இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹேஃபிளிகர் வடிவியல் வல்லுநர். மாணவரோ வேறொரு துறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அக்காலத்தில் ஆலேன் கோன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் அத்துறையில் பெரும் புதுமைகளைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகளே ஜோன்ஸை அப்பக்கம் ஈர்த்தன. அத்துறையின் பெயர் செயலி இயற்கணிதம்.

செயலி இயற்கணிதம் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் நாங்களும் அஞ்சினோம். ஆனால் அதன் அடிப்படைக் கருத்து நம் சமையலறையிலேயே இருக்கிறது.

இரண்டை மூன்றால் பெருக்கினாலும், மூன்றை இரண்டால் பெருக்கினாலும் விடை ஆறுதான். எண்களுக்கு வரிசை ஒரு பொருட்டன்று. செயல்கள் அப்படியல்ல. அரிசியைக் களைந்துவிட்டு உலையிலிடுவதும், உலையிலிட்டுவிட்டுக் களைவதும் ஒன்றாகுமா? செயல்களுக்கு வரிசை முக்கியம். ஒன்றின் மேல் செயல்பட்டு அதனை மாற்றுகின்ற பொருளைக் கணிதத்தில் செயலி என்கிறார்கள். நாம் மேல்நிலை வகுப்பில் படிக்கும் அணிகளும் செயலிகளே. இரண்டு அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் வெவ்வேறு விடைகள் வருவதைக் கண்டு, முதல் நாள் வகுப்பில் நாம் அனைவரும் திகைத்தோம் அல்லவா?

1925ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலார் ஹைசன்பர்க், அணுவின் உள்ளே நடப்பவற்றை விளக்க எண்கள் போதா, வரிசை மாற்றினால் விடை மாறும் பொருள்களே வேண்டும் என்று கண்டார். இதுவே குவாண்டம் இயக்கவியலின் தொடக்கம். ஆனால் அணுவுக்குத் தேவையான அணிகள் இரண்டு வரிசை, மூன்று வரிசையோடு நிற்பவை அல்ல; முடிவில்லாமல் நீள்பவை. இத்தகைய செயலிகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்தின் இயல்பு என்ன என்று ஆராயும் பணியை, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் வான் நியூமன் தொடங்கினார். அவரும் பிரான்சிஸ் மர்ரே என்பவரும் 1936 முதல் வரிசையாக எழுதிய ஆய்வுரைகளே இத்துறைக்கு அடிக்கல். அக்குடும்பங்களுள் மேலும் பிரிக்க முடியாதவற்றுக்குக் 'காரணிகள்' என்று பெயர். எண்களைப் பகா எண்களாகப் பிரிப்பதைப் போன்றது இது என்று கொள்ளலாம்.

இக்காரணிகளுள் ஒரு வகை மிக விந்தையானது. கோட்டுக்குப் பரிமாணம் ஒன்று, தளத்துக்கு இரண்டு, நாம் வாழும் வெளிக்கு மூன்று என்று படித்திருக்கிறோம். இவ்வகைக் காரணியிலோ பரிமாணம் அரையாக இருக்கலாம், காலாக இருக்கலாம், பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணாகவும் இருக்கலாம்! ஜோன்ஸ் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது இவ்வகையைத்தான்.

எதிர்பாராத விடை

பெரிய பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரம் அடங்குவதைப் போல, ஒரு காரணிக்குள் மற்றொரு காரணி அடங்கியிருக்கக் கூடும். உள்ளே இருப்பதனை உட்காரணி என்பர். பெரியது சிறியதைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஜோன்ஸ் குறியெண் என்று பெயரிட்டு, அது எந்தெந்த மதிப்புகளைப் பெறலாம் என்று ஆராய்ந்தார். பரிமாணமே பின்னமாக இருக்கக்கூடிய உலகில், குறியெண்ணும் ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

1983இல் வெளியான ஆய்வுரையில் ஜோன்ஸ் தந்த விடை வேறாக இருந்தது. நான்கும் அதற்கு மேற்பட்ட எல்லா எண்களும் குறியெண்ணாக வரலாம். ஆனால் நான்குக்குக் கீழே குறிப்பிட்ட சில எண்கள் மட்டுமே வர முடியும். இடையில் உள்ளவை ஒருநாளும் வாரா. அந்த எண்களைக் கண்டுபிடிக்க நம் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். 180 பாகையை 3, 4, 5, 6 என்று முழு எண்களால் வகுத்துக்கொண்டே போங்கள். கிடைக்கும் கோணத்தின் கொசைன் மதிப்பை வர்க்கமாக்கி நான்கால் பெருக்குங்கள். அவ்வளவே!

நாங்கள் கரும்பலகையில் செய்து பார்த்தோம். மூன்றால் வகுத்தால் 60 பாகை, அதன் கொசைன் அரை, வர்க்கம் கால், நான்கால் பெருக்க, விடை 1. நான்கால் வகுத்தால் 45 பாகை, விடை 2. ஐந்தால் வகுத்தால் 36 பாகை; விடை ஏறத்தாழ 2.618. ஆறால் வகுத்தால் 30 பாகை, விடை 3. ஏழுக்கு ஏறத்தாழ 3.247, எட்டுக்கு 3.414. இப்படியே நான்கை நெருங்கி நெருங்கிச் செல்கிறது; ஆனால் நான்கைத் தொடுவதில்லை. இரண்டரைக்கு அங்கே இடமே இல்லை. தேர்வுக்காக நாம் நெட்டுருப் போட்ட அந்தக் கொசைன் அட்டவணை, முடிவில்லாப் பெருவெளியில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று ஆணையிடுவதைக் கண்டபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

இதனை மெய்ப்பிக்க ஜோன்ஸ் ஒரு வழி கையாண்டார். சிறிய காரணி, அதன் மேல் பெரியது, அதன் மேல் இன்னும் பெரியது என்று படிப்படியாக ஒரு கோபுரம் எழுப்பினார். ஒவ்வொரு நிலையிலும் ஒரு செயலி புதிதாகக் கிடைத்தது. அச்செயலிகளுக்குள் ஒரு விதி காணப்பட்டது. தொலைவில் இருக்கும் இரண்டு செயலிகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை, வரிசை மாற்றலாம். அடுத்தடுத்து நிற்கும் செயலிகளோ ஒரு தனி முறையில் பின்னிக் கிடந்தன. ஜெனீவாவில் இருந்த நண்பர்கள் இவ்விதியைப் பார்த்துவிட்டு, "இது பின்னல்களின் விதியைப் போல இருக்கிறதே!" என்று சுட்டிக்காட்டினர். கதை திரும்பும் இடம் இதுதான்.

நம் தலைப் பின்னலும் கணிதமே

பின்னல் என்பது வேறொன்றுமில்லை; நாள்தோறும் காலையில் அம்மா நமக்குப் பின்னிவிடுகிறாரே, அதுவேதான். 1925இல் எமில் ஆர்ட்டின் என்னும் கணித அறிஞர் இதற்குரிய கணிதத்தை வகுத்தார்.

மூன்று நாடாக்களைத் தொங்கவிடுங்கள். இடப்பக்கத்து இரண்டை ஒருமுறை குறுக்கே மாற்றுவதை 'இ' என்போம். வலப்பக்கத்து இரண்டை மாற்றுவதை 'வ' என்போம். ஒவ்வொரு முறையும் இடப்புறமிருந்து வரும் நாடாவே மேலாகச் செல்லட்டும். இ, வ, இ என்று மூன்று முறை செய்யுங்கள். மற்றொரு தொகுதியில் வ, இ, வ என்று செய்யுங்கள். இரண்டையும் சற்றே தளர்த்திப் பார்த்தால், இரண்டும் ஒரே பின்னல்தான் என்பது கண்ணுக்கே தெரியும். இதுவே பின்னல்களின் அடிப்படை விதி. ஜோன்ஸின் கோபுரத்தில் இருந்ததும் இதை ஒத்த விதியே.

பின்னலின் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் வளைத்து இணைத்துவிட்டால் அது முடிச்சாகிறது. இரண்டு நாடாக்களை ஒரே பக்கமாக மும்முறை முறுக்கி இணைத்தால் கிடைப்பது மூவிதழ் முடிச்சு. இனி, சடை பின்னுவதைப் போலவே மூன்று நாடாக்களை எடுத்து, வலமும் இடமும் மாறி மாறி நடு நாடாவின் மேல் செல்லுமாறு பின்னுங்கள். நான்கு மாற்றங்களில் நிறுத்தி, முனைகளை இணைத்தால் எட்டு வடிவ முடிச்சு. ஆறு மாற்றங்களில் நிறுத்தி இணைத்தால் தனித்தனியான மூன்று வளையங்கள் கிடைக்கும். அவற்றுள் எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கவில்லை. ஆயினும் மூன்றையும் பிரிக்க முடியாது! ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தாமே விடுபடும். இதற்குப் பொரோமியோ வளையங்கள் என்று பெயர். இத்தாலியில் புனித சார்லஸ் பொரோமியோ பிறந்த குடும்பத்தின் சின்னத்தில் இவ்வளையங்கள் இடம்பெற்றிருந்ததால் வந்த பெயர் அது. மூன்று நிற ரிப்பன்களைக் கொண்டு எங்கள் மன்றத்தில் இதைச் செய்து காட்டியபோது, பார்க்க வந்த சிஸ்டர்களும் தம் கைகளால் இழுத்துப் பார்த்து வியந்தனர்.

எந்த முடிச்சையும் இவ்வாறு பின்னலிலிருந்து பெறலாம் என்று ஜேம்ஸ் அலெக்சாண்டர் 1923இல் காட்டினார். ஆனால் ஒரு சிக்கல் எஞ்சி நின்றது. சிக்கலாகக் கிடக்கும் இரண்டு முடிச்சுகளைப் பார்த்து, இவை ஒன்றா வேறா என்று எப்படிச் சொல்வது? மணிக்கணக்காக இழுத்துப் பார்த்தும் ஒன்று மற்றதாக மாறவில்லை என்றால், அவை வேறு என்று பொருளா, நமக்குத் திறமை போதவில்லை என்று பொருளா? இதற்காக அலெக்சாண்டர் 1928இல் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். இரண்டு முடிச்சுகளின் கோவைகள் வேறாயின், முடிச்சுகளும் வேறே. மிகப் பயனுள்ள முறைதான். ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. மூவிதழ் முடிச்சும், கண்ணாடியில் தெரியும் அதன் உருவமும் வேறு வேறு. இடக் கையும் வலக் கையும் போல. அலெக்சாண்டரின் கோவையோ இரண்டுக்கும் ஒரே விடையைத் தந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்குறை நீங்கவில்லை.

ஜோன் பர்மன் அம்மையார்

பின்னல்களைப் பற்றி அறிய வேண்டுமானால் யாரிடம் செல்வது? அக்காலத்தில் அத்துறையில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண்மணி. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்னார்டு மகளிர் கல்லூரியின் பேராசிரியை ஜோன் பர்மன்.

அவருடைய வாழ்க்கையை நம் அன்னையர் அனைவரும் அறிய வேண்டும். 1927இல் பிறந்த அவர், தாம் பின்னாளில் பணியாற்றிய அதே பார்னார்டு கல்லூரியில் 1948இல் பட்டம் பெற்றார். பிறகு தொழில் நிறுவனங்களில் வேலை பார்த்தார். திருமணமாயிற்று, மூன்று குழந்தைகள் பிறந்தனர். படிப்பு அத்தோடு நின்றுவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின், குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவியாகச் சேர்ந்தார். 1968இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. அதன் பின்னரே அவருடைய கணித வாழ்க்கை தொடங்கிற்று! பின்னல்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1974இல் வெளிவந்தது. இரண்டு வேறு பின்னல்கள் எப்போது ஒரே முடிச்சைத் தரும் என்பதைக் கூறும் மார்க்கோவ் தேற்றத்தின் முழு நிரூபணம் அந்நூலில்தான் முதன்முதலாக அச்சேறியது. கணிதம் இளைஞர்களின் விளையாட்டு என்று சொல்வோருக்கு அம்மையாரின் வாழ்வே மறுமொழி.

1984ஆம் ஆண்டு மே மாதம்

ஜோன்ஸ் அப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். வயது 31. தம் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். இருந்தும், தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டு அறிய வேண்டும் என்று நியூயார்க்குக்குச் சென்று பர்மன் அம்மையாரைச் சந்தித்தார். அம்மையாருக்கு அப்போது ஏறத்தாழ 57 வயது.

இருவரும் நெடுநேரம் பேசினர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புதிது. அவர் செயலிகளைப் பற்றி விளக்கினார். அம்மையார் பின்னல்களையும் மார்க்கோவின் தேற்றத்தையும் விளக்கினார். அன்றைக்கே விடை கிடைத்துவிடவில்லை. ஆனால் வீடு திரும்பிய ஜோன்ஸ் அம்மையார் சொன்னவற்றையே எண்ணிக்கொண்டிருந்தார். செயலிகளை எண்களாக மாற்றுவதற்குத் தாம் கையாண்ட கணக்கு, மார்க்கோவ் தேற்றம் வேண்டுகின்ற நிபந்தனைகளுக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டார். அதாவது, ஒரு முடிச்சை எந்தப் பின்னலைக் கொண்டு செய்திருந்தாலும், சிறிது திருத்தம் செய்தால் அக்கணக்கு ஒரே விடையைத் தரும். முடிச்சுகளை இனங்காணப் புதியதொரு பல்லுறுப்புக் கோவை பிறந்துவிட்டது!

இது அலெக்சாண்டரின் பழைய கோவையே வேறு உடையில் வந்திருக்கிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதனைச் சோதிக்க மூவிதழ் முடிச்சே போதுமானதாக இருந்தது. ஒரு மூவிதழ் முடிச்சுக்குக் கிடைத்த கோவையில் மாறியின் அடுக்குகள் 1, 3, 4 என்று வந்தன. அதன் கண்ணாடி உருவத்துக்கோ -1, -3, -4 என்று வந்தன. பழைய கோவையால் பிரித்தறிய முடியாத இரண்டையும் புதிய கோவை பிரித்துக் காட்டிவிட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் திறக்காத கதவு, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து திறந்தது.

விளைந்த பயன்கள்

1985இல் இக்கண்டுபிடிப்பு அச்சில் வெளிவந்தது. அச்செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளில் கணித அறிஞர்கள் அதனை மேலும் விரிவாக்க முனைந்தனர். நான்கு குழுவினர் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விரிவைக் கண்டுபிடித்துச் சில நாள் இடைவெளியில் ஒரே இதழுக்கு அனுப்பினர். இதழாசிரியர்களின் யோசனைப்படி ஆறு பேரும் சேர்ந்து ஒரே கட்டுரையாக வெளியிட்டனர். போலந்து நாட்டைச் சேர்ந்த இருவரும் தாமாகவே அதனைக் கண்டிருந்தனர்; அஞ்சல் தாமதத்தால் அவர்கள் பெயர் முதலில் விட்டுப்போயிற்று. பின்னாளில் அவர்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் டெய்ட் முடிச்சுகளைப் பற்றிச் சொல்லிவைத்த சில ஊகங்கள் நூறாண்டு காலம் மெய்ப்பிக்கப்படாமல் கிடந்தன. ஜோன்ஸின் கோவையைக் கொண்டு 1987 அளவில் அவற்றுள் முக்கியமானவை மெய்ப்பிக்கப்பட்டன.

"சரி, முடிச்சை அவிழ்ப்பதால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். எங்களுள் ஒருத்தியின் தந்தையாரும் இதே கேள்வியைக் கேட்டார். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, கண்ணுக்குத் தெரியாத சிறு உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. அதில் சிக்கலும் முடிச்சும் விழத்தான் செய்யும். அவற்றை வெட்டி, விடுவித்து, மீண்டும் ஒட்டும் நொதிகள் நம் உடலில் உள்ளன. புற்றுநோய் மருந்துகளுள் சில இந்நொதிகளைத் தடுப்பதன் வாயிலாகவே வேலை செய்கின்றன. நொதி எப்படிச் செயல்படுகிறது என்பதை அறிய, அது உண்டாக்கும் முடிச்சு எது என்று இனங்காண வேண்டும். அங்கே முடிச்சுக் கணிதம் துணைக்கு வருகிறது. எட்வர்டு விட்டன் என்னும் இயற்பியல் அறிஞர் 1989இல் ஜோன்ஸின் கோவை குவாண்டம் கோட்பாட்டிலிருந்தும் பிறப்பதைக் காட்டினார். பின்னல்களின் கணிதத்தைக் கொண்டு குவாண்டம் கணினி அமைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஆனால் ஜோன்ஸ் இவற்றில் எதையும் எண்ணித் தொடங்கவில்லை என்பதை மறக்கலாகாது. உட்காரணியின் குறியெண் எதுவாக இருக்கலாம் என்ற ஒரே கேள்வியை விடாமல் பற்றியிருந்தார். மற்றவை தொடர்ந்து வந்தன.

புகழும் எளிமையும்

1985இல் ஜோன்ஸ் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரில் உலகக் கணித மாநாடு கூடியது. நாற்பது வயதுக்கு உட்பட்ட கணித அறிஞர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் அங்கு ஜோன்ஸுக்கு அளிக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதல் முறை. உடன் பதக்கம் பெற்ற மூவருள் விட்டனும் ஒருவர். பதக்கம் பெறுவோரின் சாதனையை எடுத்துரைக்க, அத்துறை அறிந்த அறிஞர் ஒருவரை அழைப்பது அம்மாநாட்டின் மரபு. ஜோன்ஸின் பணியை அவையில் எடுத்துரைத்தவர் வேறு யாருமல்லர். ஜோன் பர்மன் அம்மையாரே!

அம்மாநாட்டில் உரையாற்ற எழுந்த ஜோன்ஸ் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வரவில்லை. தம் தாய்நாட்டு ரக்பி அணியினர் உடுத்தும் கருப்புச் சட்டையோடு மேடையேறினார். பெரிய நாடுகளின் அறிஞர்கள் கூடிய அவையில், தான் சின்னஞ்சிறு நாட்டின் மகன் என்பதை மறைக்காமல் பெருமையோடு காட்டிக்கொண்டார். கடலில் பாய்ப்பலகை ஓட்டுவதிலும் பெருவிருப்பம் உடையவர் அவர்.

பிறந்த நாட்டை அவர் மறக்கவில்லை. 1994 முதல் நியூசிலாந்தில் கோடைதோறும் கணிதப் பயிலரங்குகள் நடைபெற ஏற்பாடு செய்து, உலக அறிஞர்களை அங்கே வரவழைத்து இளம் மாணவர்களோடு பழகச் செய்தார். நியூசிலாந்து அரசு அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. நம் தமிழகத்துக்கும் இக்கதையில் ஒரு தொடர்பு உண்டு. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய வி.எஸ். சுந்தர் என்னும் பேராசிரியரும் ஜோன்ஸும் சேர்ந்து, உட்காரணிகளுக்கு ஓர் அறிமுக நூலை எழுதினர். 1997இல் அதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஜோன்ஸ் 2011 முதல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தம் 67ஆம் வயதில் மறைந்தார்.

சிறுமிக்கு எங்கள் விடை

எட்டாம் வகுப்புத் தங்கையே! கணக்கை இன்னும் கண்டுபிடித்து முடிக்கவில்லை. உன் தாயார் சிறுமியாக இருந்த காலத்தில்தான் ஜோன்ஸின் கோவை பிறந்தது. இன்றும் முடிச்சுகளைப் பற்றி விடை தெரியாத கேள்வி ஒன்று உண்டு. முடிச்சே இல்லாத வெறும் வளையத்துக்கு ஜோன்ஸின் கோவை 1 என்று வரும். கோவை 1 என்று வந்தால் அது வெறும் வளையமாகத்தான் இருக்க வேண்டுமா? கேள்வி எளிது, 1984 முதல் விடை காண முயன்றுகொண்டே இருக்கிறார்கள். ஒருவேளை அதைக் காணப்போகிறவள் நீயாகவும் இருக்கலாம்.

உன் இரண்டாவது கேள்விக்கும் விடை கண்டோம். எங்கள் சுவரில் இப்போது இரண்டு படங்கள் கூடியிருக்கின்றன. ஜோன்ஸின் படத்தை மட்டும் மாட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அம்மையாரின் படமில்லாமல் அது பாதிக் கதை என்று தோன்றியதால் இருவரையும் அருகருகே மாட்டியிருக்கிறோம். தெரியாததைக் கேட்கச் சென்றவர் ஒருவர். தெரிந்ததை மனமுவந்து பகிர்ந்துகொண்டவர் மற்றொருவர். அந்த உரையாடல் நிகழாதிருந்தால் கோபுரம் ஒரு பக்கமும் பின்னல் ஒரு பக்கமுமாகக் கிடந்திருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் கணிதம் எடுத்துப் படிக்க விரும்பினால், "அது உனக்கு எதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். இடையில் நின்றுபோன படிப்பை மீண்டும் தொடர விரும்பும் அன்னையர் யாரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், அவர்களும் பர்மன் அம்மையாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

தோழியரே, நாளைக் காலையில் சடை பின்னும்போது ஆறு மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் கணித மன்ற அறைக்கு வாருங்கள். மூன்று நிற ரிப்பன்களும் மேசை மேல் காத்திருக்கின்றன.

- கணித மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு